பதினொரு நூல்களும் ஒரு பள்ளி வட்டாரமும்

நூலுக்கு நேரும் தடை தலைநகரிலிருந்தே வரும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். அரசாணை, பறிமுதல், காவல் துறை, வழக்கு மன்றம் என்று அதன் கருவிகள் யாவும் பெரியவை, தொலைவில் இருப்பவை. ஆயின், 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர்ப் பகுதி ஒன்றின் பள்ளிகளிலிருந்து பதினொரு நூல்கள் அகற்றப்பட்டபோது, அகற்றியவர்கள் அமைச்சர்களும் அல்லர், அதிகாரிகளும் அல்லர். அப்பகுதியில் வீடு வாங்கிக் குடியேறி, வரி கட்டி, ஊதியம் ஏதும் பெறாமல் பள்ளிப்பணி ஆற்ற முன்வந்த ஏழு பேர். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் அண்டை வீட்டாருமே ஆவர்.

இலக்கிய மன்றத்தின் பத்தாண்டு நிறைவு மலரில், கடல் கடந்த நாட்டுப் பள்ளி நிருவாகம் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று வினவலாம். எழுதுவோர் கூடிய அவையில், எழுதப்பட்டது யார் கைக்குச் சென்று சேரலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் வினாவுக்கு என்றும் இடமுண்டு. அதிகாரம் மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது நாம் அனைவரும் ஏற்கும் கொள்கை. அருகில் வந்த அதிகாரம் புத்தக அலமாரி வரை நீண்டால் என்ன ஆகும்? இவ்வினாவை ஐலண்டு டிரீசு என்னும் சிறு பள்ளி வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டாரம் என்னும் அமைப்பு

நமக்கு மாவட்டம் என்றால் ஆட்சியரும் வருவாய்த் துறையும் நினைவுக்கு வரும். பள்ளி, அரசுத் துறை ஒன்றின் கீழ் இயங்குவது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே பள்ளிகளுக்கென்றே தனியாக எல்லை வகுத்த ஆட்சிப் பகுதிகள் உள்ளன. ஊராட்சியின் எல்லையோடும் நகராட்சியின் எல்லையோடும் அவை பொருந்த வேண்டும் என்பதில்லை. அவற்றுக்குத் தனித் தேர்தல் உண்டு. தனி வரி உண்டு. தனி வரவு செலவுத் திட்டம் உண்டு. குழப்பம் நேராதிருக்க அவற்றைப் பள்ளி வட்டாரம் என்றே இங்கு வழங்குகிறேன்.

இவ்வமைப்பின் வேர் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்தின் 1647ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உள்ளது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர், எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். நூறு குடும்பங்களை எட்டிய ஊர், இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும் என்று அது விதித்தது. மறைநூலை மக்கள் அறியவொட்டாமல் தடுப்பதே சாத்தானின் சூழ்ச்சி என்று அச்சட்டத்தின் முகவுரை காரணம் கூறியது. சமயச் சார்பான காரணமே எனினும், அதனுள் அடங்கிய கருத்து ஒன்று நம் கவனத்திற்கு உரியது. படிக்கத் தெரியாதவனை ஏமாற்றுவது எளிது. ஆதலால் படிப்பிப்பது ஊரின் கடமை. பள்ளியைத் தோற்றுவித்தது நூலைத் தானே படித்தறிய வேண்டும் என்னும் வேட்கை.

ஊர்கள் பரந்தபோது ஒரே பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளும் நடந்து வருதல் இயலாததாயிற்று. பிள்ளை நடந்து செல்லும் தொலைவே பள்ளியின் எல்லை என்றாயிற்று. 1789இல் மாசச்சூசெட்சு அப்பிரிவுகளைச் சட்டப்படி ஏற்றது. நியூயார்க் 1812இல் பொதுப்பள்ளிச் சட்டம் இயற்றி, மாநிலத்தை வட்டாரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. பல வட்டாரங்கள் ஒன்றுகூடிப் பெரிய பள்ளி அமைக்க 1853ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அவ்வாறு அமைந்தவை ‘ஒன்றிய இலவசப் பள்ளி வட்டாரங்கள்’ எனப் பெயர் பெற்றன. பெற்றோர் தலைக்கு இவ்வளவு என்று செலுத்திவந்த கட்டணமின்றி, பொதுவரியால் நடப்பது என்பதே ‘இலவசம்’ என்னும் சொல்லின் பொருள். அக்கட்டணம் மாநிலம் முழுவதும் ஒழிந்தது 1867இல்.

வாக்குரிமை வரலாற்றிலும் இச்சிறு வட்டாரங்களுக்குத் தனி இடமுண்டு. நியூயார்க் மாநிலத்துப் பெண்கள் பொதுத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றது 1917இல். பள்ளித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையோ 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுக்கு வந்துவிட்டது. நாடாளத் தகுதியற்றவர் என்று கருதப்பட்ட பெண்கள், பள்ளியை ஆளும் தகுதியை முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தனர். அதிகாரம் வீட்டு வாசல் வரை வந்ததன் நற்பயன் இது.

உருளைக்கிழங்கு வயலில் எழுந்த ஊர்

நியூயார்க் நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டில் நாசோ கவுண்டி என்னும் பகுதி உள்ளது. அங்கே மரங்களற்ற பெரும் புல்வெளியில் ஒரு பைன் மரத்தொகுதி தீவு போலத் தோன்றியதால், அவ்விடத்திற்குத் ‘தீவு மரங்கள்’ எனப் பொருள்படும் ஐலண்டு டிரீசு என்னும் பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. லெவிட் குடும்பத்தாரின் நிறுவனம் அவ்விடத்து உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே அச்சில் வார்த்தாற்போல் கட்டி முடித்தது. ஊரின் பெயரும் லெவிட்டவுன் என மாறியது. பழைய பெயர் பள்ளி வட்டாரத்தில் மட்டும் நிலைத்து நின்றது.

இவ்வூரின் வரலாற்றில் மறைக்கலாகாத பக்கம் ஒன்றுண்டு. தொடக்க கால வாடகை ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதார் அவ்வீட்டில் குடியிருத்தல் கூடாது, பணியாளராக இருக்கலாம் என்னும் விதி எழுதப்பட்டிருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்திலிருந்து விதி மறைந்த பின்னரும் நடைமுறை உடனே மறைந்துவிடவில்லை. ஓர் ஊரில் யார் வாழலாம் என்பதை ஒப்பந்தம் வரையறுத்தால், அவ்வூர்ப் பள்ளியில் யார் படிக்கலாம் என்பதையும் அதுவே வரையறுத்துவிடுகிறது. பள்ளி வட்டாரத்தின் எல்லைக்கோடு வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தோன்றினாலும், வாழ்க்கையில் அது மதிலாக நிற்கக் கூடியது. 1974இல் டெட்ராய்ட் நகரம் பற்றிய வழக்கில், புறநகர் வட்டாரங்கள் குற்றம் இழைத்ததாக மெய்ப்பிக்கப்படாத நிலையில், இனப் பிரிவினையை நீக்குவதற்காக அவற்றின் எல்லைகளைக் கடந்து மாணவரை மாற்ற ஆணையிட இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் மதில் மேலும் உறுதி பெற்றது.

லெவிட்டவுன் என்னும் ஒரே ஊர் பல பள்ளி வட்டாரங்களிடையே பகிரப்பட்டுள்ளது. நாசோ கவுண்டி முழுவதிலும் இத்தகைய வட்டாரங்கள் ஐம்பத்தாறு. ஐலண்டு டிரீசு அவற்றுள் சிறியவற்றைச் சேர்ந்தது. இன்று நான்கு பள்ளிகள், மூவாயிரத்துக்கும் குறைவான மாணவர் என்னும் அளவினது. நாடு முழுவதும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 1,17,000 ஆக இருந்த வட்டாரங்கள், ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று சுமார் 13,000 ஆகக் குறைந்துவிட்டன. புறநகர்ப் பகுதிகளிலோ சிறு வட்டாரங்கள் தம் தனித்தன்மையைக் கைவிடாமல் நிற்கின்றன. தம் வரியும் தம் பள்ளியும் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்னும் விருப்பமே அதற்குக் காரணம்.

ஆட்சி நடக்கும் முறை

ஒன்றிய இலவசப் பள்ளி வட்டாரத்தை ஆள்வது கல்விக் குழு. மூவர் முதல் ஒன்பதின்மர் வரை உறுப்பினர் இருக்கலாம். உறுப்பினரை வட்டார மக்கள் நேரே தேர்ந்தெடுப்பர். ஊதியமில்லை. குழு ஒரு கண்காணிப்பாளரை அமர்த்தும். கல்வித் துறையில் பயிற்சி பெற்ற அவரே அன்றாட நிருவாகத்தை நடத்துபவர். கொள்கை வகுப்பது குழு, நடத்துவது கண்காணிப்பாளர் என்பது பொது விதி. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் பூசல்கள் பிறக்கின்றன.

ஆண்டுதோறும் மே மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, வட்டார மக்கள் வாக்குச் சாவடிக்குச் செல்கின்றனர். குழு உறுப்பினரைத் தேர்வதோடு, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தையும் அவர்களே வாக்களித்து ஏற்கவோ தள்ளவோ செய்கின்றனர். நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைக் குடிமக்கள் தள்ளிவிட இயலாது, மாநிலத்தினதையும் இயலாது, பள்ளியினதை இயலும். தள்ளப்பட்ட திட்டத்தைக் குழு மீண்டும் ஒருமுறை மக்கள் முன் வைக்கலாம். அதுவும் தோற்றால், சென்ற ஆண்டின் வரித்தொகைக்கு மேல் ஏற்றாமல், இன்றியமையாச் செலவுகளை மட்டுமே செய்யும் திட்டத்தோடு ஆண்டை ஓட்ட வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. சில விலக்குகள் நீங்கலாக, வரி உயர்வு ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு அல்லது விலைவாசி உயர்வு, இவற்றுள் குறைந்த அளவைக் கடக்க வேண்டுமாயின், வாக்களித்தோருள் அறுபது விழுக்காட்டினர் இசைய வேண்டும்.

இவ்வரி பெரும்பாலும் வீட்டின் மதிப்பின் மேல் விதிக்கப்படுவது. மாநிலமும் நிதி தருகிறது. பாடத்திட்ட வரையறை, ஆசிரியர் தகுதி, பொதுத் தேர்வு ஆகியவற்றை மாநிலமே வகுக்கிறது. 1784இல் தோன்றிய ரீசண்டுகள் அவை என்னும் மாநிலக் கல்வி மன்றம் இவை யாவற்றுக்கும் தலைமை. வட்டாரக் குழுவின் முடிவால் பாதிக்கப்பட்டவர் மாநிலக் கல்வி ஆணையரிடம் முறையிடவும் வழியுண்டு. ஆகவே குழுவின் அதிகாரம் தடையற்றது அன்று. ஆயினும் எந்த ஆசிரியரை அமர்த்துவது, எந்தப் பள்ளியை மூடுவது, எந்த நூலை வாங்குவது என்னும் முடிவுகள் அதன் கையில் உள்ளன. குழு உறுப்பினரைக் கடைவீதியில் கண்டு, ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கலாம். இந்த அண்மையே அமைப்பின் வலிமை. அதன் ஆபத்தும் இதனுள்ளேயே இருந்தது என்பதை ஐலண்டு டிரீசு காட்டியது.

பதினொரு நூல்கள்

1975 செப்டம்பரில் ஐலண்டு டிரீசுக் கல்விக் குழுவின் உறுப்பினர் மூவர், பழமைப்போக்குடைய பெற்றோர் அமைப்பு ஒன்று நடத்திய மாநாட்டுக்குச் சென்றனர். ‘ஏற்கத்தகாத’ நூல்களின் பட்டியல்கள் அங்கே அவர்களுக்குக் கிடைத்தன. பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்பது தம் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் இருப்பது பின்னர்த் தெரிந்தது. இன்னொன்று இளநிலைப் பள்ளி நூலகத்தில் இருந்தது. மற்றொன்று பன்னிரண்டாம் வகுப்பு இலக்கியப் பாடத்தில் இருந்தது.

அப்பட்டியலைப் பார்க்கும் இலக்கிய வாசகர் வியப்படையாமல் இருக்க இயலாது. குர்ட் வானகட்டின் ‘சிலாட்டர்ஹவுசு ஃபைவ்’, பெர்னார்டு மாலமூடின் ‘தி ஃபிக்சர்’, ரிச்சர்டு ரைட்டின் தன்வரலாறாகிய ‘பிளாக் பாய்’, லாங்சுடன் ஹியூசு தொகுத்த கறுப்பின எழுத்தாளரின் சிறுகதைத் தொகுதி, எல்ட்ரிட்ஜ் கிளீவரின் ‘சோல் ஆன் ஐசு’, ஆலிசு சைல்டிரசின் இளையோர் நாவல், பீரி தாமசின் தன்வரலாறு, ஆலிவர் லஃபார்ஜின் ‘லாஃபிங் பாய்’, விலங்கியல் அறிஞர் டெசுமண்டு மோரிசின் ‘தி நேக்கட் ஏப்’, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘கோ ஆசுக் ஆலிசு’, எழுதக் கற்போர்க்கான உரைநடைத் தொகுப்பு ஒன்று. இவற்றுள் லஃபார்ஜின் நாவல் 1930இலும் மாலமூடின் நாவல் 1967இலும் புலிட்சர் பரிசு பெற்றவை.

1976 பிப்ரவரியில், கண்காணிப்பாளரும் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் இருந்த கூட்டம் ஒன்றில், இந்நூல்களை அகற்றிக் குழு அலுவலகத்துக்கு அனுப்புமாறு ‘முறைசாரா’ ஆணை தரப்பட்டது. கண்காணிப்பாளர் மறுப்புத் தெரிவித்தார். நூல் பற்றிய குறைகளை ஆராய வட்டாரத்தில் முன்பே ஒரு நடைமுறை உண்டு. அதன்படி குழு அமைத்து ஆராயாமல் பட்டியலைக் கொண்டு நேரே நடவடிக்கை எடுத்தல் தகாது என்பது அவர் வாதம். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. செய்தி வெளியே பரவியபோது கல்விக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நூல்கள் அமெரிக்காவுக்கு எதிரானவை, கிறித்தவத்துக்கு எதிரானவை, யூதர்க்கு எதிரானவை, வெறும் அருவருப்பு நிறைந்தவை என்று அது முழங்கியது.

யூதர்க்கு எதிரானவை என்று சாடப்பட்ட பட்டியலில், யூதக் குடும்பத்தில் பிறந்த மாலமூட், சார் மன்னரின் உருசியாவில் பொய்ப்பழி சுமந்து சிறையில் வாடும் ஒரு யூதனைப் பற்றி எழுதிய நாவலும் இருந்தது. அமெரிக்காவுக்கு எதிரானது என்பதற்கு எடுத்துக்காட்டுக் கேட்கப்பட்டபோது, குழு உறுப்பினர் இருவர் ஆலிசு சைல்டிரசின் நாவலைச் சுட்டினர். நாட்டின் தந்தை எனப் போற்றப்படும் ஜார்ஜ் வாசிங்டன் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. அது வரலாற்று உண்மை. உண்மையைச் சொல்வதே நாட்டுக்கு எதிரானது என்று கருதப்படும் நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பதினொன்றில் பாதியளவு நூல்கள் கறுப்பினத்தார், போர்ட்டோ ரிக்கர், செவ்விந்தியர் ஆகியோரின் வாழ்வைச் சொல்பவை. வீட்டு ஒப்பந்தத்தால் ஒரு காலத்தில் கறுப்பினத்தாரை வெளியே நிறுத்திய ஊரில், அவர்களுடைய குரல் உள்ளே வர எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று நூலகம். ரைட்டும் சைல்டிரசும் அங்கே குடியேற வீடு கிடைக்காதிருக்கலாம். அலமாரியில் இடம் கிடைத்திருந்தது. 1976இல் அவ்விடமும் பறிக்கப்பட்டது. குழுவினர் இதைத் திட்டமிட்டே செய்தனர் என்று நான் கூறவில்லை. விளைவு இதுவே என்கிறேன்.

எதிர்ப்பு எழவே, பெற்றோர் நால்வரும் பள்ளிப் பணியாளர் நால்வரும் கொண்ட நூலாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு நூல்களைப் படித்து ஆராய்ந்து, 1976 சூலையில் தன் முடிவைத் தந்தது. ஐந்து நூல்கள் இருக்கலாம், ஒன்றைப் பெற்றோர் இசைவுடன் தரலாம், இரண்டை அகற்றலாம், இரண்டு பற்றிக் கருத்தொற்றுமை இல்லை, ஒன்றைப் பற்றிக் கருத்துக் கூறவில்லை. எண்மர் கூடிப் படித்தால் இத்தகைய பலதிறப்பட்ட முடிவே வரும். படித்தல் என்பதே வேறுபடுதல்தானே. கல்விக் குழுவோ இப்பரிந்துரையைப் பெருமளவு புறக்கணித்தது. ‘லாஃபிங் பாய்’ மட்டும் தடையின்றித் திரும்பியது. ‘பிளாக் பாய்’ பெற்றோர் இசைவு என்னும் நிபந்தனையோடு திரும்பியது. ஏனைய ஒன்பதும் வெளியே நின்றன.

வழக்கும் தீர்ப்பும்

1977 சனவரியில் மாணவர் ஐவர் கல்விக் குழுவின் மேல் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் முதல்வர் பெயர் ஸ்டீவன் பிகோ. அவர் பெயராலேயே வழக்கு வரலாற்றில் நிலைத்தது. வயது நிரம்பாதவர் ஆதலின், ‘அடுத்த நண்பர்’ என்னும் சட்ட நிலையில் பெரியவர்கள் அவர்கள் சார்பில் நின்றனர். இரு தரப்பிலும் ஒரே ஊர்க்காரர்களே நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

1979இல் மாவட்ட நீதிமன்றம் கல்விக் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. 1980இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. 1982 சூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்தின் சாரம் இது. பாடத்திட்டம் வகுப்பதில் கல்விக் குழுவுக்குப் பரந்த உரிமை உண்டு. நூலகம் வேறு, அது மாணவர் தாமே விரும்பித் தேடிப் படிக்கும் இடம். அங்குள்ள நூலை, அதிலுள்ள கருத்து தமக்குப் பிடிக்கவில்லை என்னும் ஒரே காரணத்துக்காக அகற்றுதல், கருத்துகளைப் பெறும் மாணவரின் உரிமையைப் பறிப்பதாகும். கல்விக்குப் பொருந்தாமை போன்ற காரணங்களால் அகற்றுவது வேறு.

எதிர்த்த நால்வரின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. தலைமை நீதிபதி பர்கர், இந்நூல்கள் பொது நூலகத்திலும் கடையிலும் கிடைக்கும்போது பள்ளி நூலகத்தில் இல்லாமை எவர் உரிமையையும் பறிக்காது என்றார். உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் முடிவை, அவ்வூரை அறியாத நீதிபதிகள் மாற்றுவதா என்பதும் அவர் கேள்வி. நீதிபதி பவல், ரிச்மண்டு நகரக் கல்விக் குழுவின் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றியவர். பள்ளிக் குழுக்களே உள்ளூர் மக்களாட்சியின் தனிச்சிறப்பான வடிவம் என்பது அவர் பட்டறிவிலிருந்து வந்த கருத்து. எந்த நூலும் எவராலும் நீக்கப்படலாகாது என்றால், நூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கே பொருளில்லாமற் போகும் என்னும் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், நான்கு பெற்றோரும் நான்கு பணியாளரும் படித்துச் சொன்ன முடிவு, அதுவும் உள்ளூர்க் குரலே அன்றோ? அதைத் தள்ளியவர்கள் உள்ளூர்க் குரலின் பேரால் வாதிட்டதுதான் முரண்.

உச்ச நீதிமன்றம் வழக்கை முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. விசாரணையை எதிர்கொள்ளாமல், கல்விக் குழு 1982 ஆகத்தில் ஆறுக்கு ஒன்று என்னும் வாக்கில் நூல்களைத் திருப்பி வைக்க முடிவு செய்தது. மாணவர் அந்நூலை எடுத்தால் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்னும் நிபந்தனையை அது சேர்த்தது. யார் எந்நூலைப் படித்தார் என்பதை மறைவாகக் காக்க வேண்டும் என்னும் மாநிலச் சட்டத்தின் முன் அந்நிபந்தனையும் பின்னர் நிற்கவில்லை. அகற்றிய நாள் தொட்டு நூல்கள் திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வழக்குத் தொடுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளியை விட்டே சென்றுவிட்டனர். தமக்குப் பின் வருவோர்க்காக வழக்காடியவர்கள் அவர்கள்.

அதே வாரத்தில் இன்னொரு தீர்ப்பு

பிகோ வழக்கின் தீர்ப்புக்கு இரு நாள் முன்னர், 1982 சூன் 23 அன்று, நியூயார்க் மாநிலத்தின் உயர் மேல்முறையீட்டு மன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்புரைத்தது. அது ஐலண்டு டிரீசின் அண்டை வட்டாரமாகிய லெவிட்டவுன் பள்ளி வட்டாரமும் பிறவும் 1974இல் தொடுத்த வழக்கு. வீட்டு மதிப்பின் மேல் வரி விதித்துப் பள்ளி நடத்தும் முறையில், மதிப்பு மிக்க வீடுகள் உள்ள வட்டாரம் குறைந்த வரி விகிதத்தில் நிறையப் பணம் திரட்டும். மதிப்புக் குறைந்த வீடுகள் உள்ள வட்டாரம் மிகுந்த விகிதத்தில் வரி கட்டியும் குறைவாகவே திரட்டும். இது நீதியா என்பது கேள்வி. ஏற்றத்தாழ்வு இருப்பதை மன்றம் மறுக்கவில்லை. மாநில அரசியலமைப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படையான நல்ல கல்வியையே உறுதி செய்கிறது. சமமான செலவை அன்று எனக் கூறி வழக்கைத் தள்ளியது. 1973இல் டெக்சாசு மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இதை ஒத்ததே. அத்தீர்ப்பை எழுதியவர் அதே நீதிபதி பவல்.

ஒரே ஊர்ப் பெயரோடு தொடர்புடைய இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பள்ளி வட்டாரத்தின் இரு முகங்களும் தெரியும். உள்ளூர் உரிமை என்னும் ஒரே கொள்கை, ஒரு வழக்கில் செல்வ வேறுபாட்டுக்கு அரணாயிற்று. மற்றொன்றில் நூல் நீக்கத்துக்கு அரணாக முயன்று தோற்றது. பணத்தின் எல்லையை மன்றங்கள் அசைக்கவில்லை. கருத்தின் எல்லையை ஓரளவு அசைத்தன.

‘ஓரளவு’ என்று கூறுவதற்குக் காரணமுண்டு. பிரென்னனின் கருத்தை முழுமையாக ஏற்றோர் இருவரே; பிளாக்மன் பெரும்பகுதியை ஏற்றார்; ஒயிட் முடிவை மட்டும் ஏற்று, அடிப்படைக் கேள்விக்கு விடை கூறாமல் நின்றார். எனவே பெரும்பான்மைக் கருத்து என ஒன்று அவ்வழக்கில் உருவாகவே இல்லை. 2021ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் நூல் நீக்கப் பூசல்கள் மீண்டும் பெருகியபோது இந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. 2025 மே மாதத்தில், டெக்சாசு மாநிலத்து லேனோ கவுண்டிப் பொது நூலகம் பற்றிய வழக்கில், நூலகத்திலிருந்து நூல் நீக்கப்பட்டதை எதிர்த்து வாசகர் அத்தகைய உரிமையைக் கோர இயலாது என்று ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு மன்றத்தின் முழு அமர்வு பெரும்பான்மையால் முடிவு செய்தது. 1982இல் முடிந்ததாகத் தோன்றிய வழக்கு முடியவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து, உள்ளூராட்சி கேடு என்றோ, தலைநகரே தக்கது என்றோ முடிவு கட்டுதல் பிழையாகும். தலைநகர் விதிக்கும் தடை பல்லாயிரம் பள்ளிகளை ஒரே நாளில் மூடிவிடும். வட்டாரக் குழுவின் தடை ஒரு வட்டாரத்தோடு நிற்கும். பெண்களுக்கு முதலில் வாக்குரிமை தந்ததும், வரவு செலவைக் குடிமக்கள் கையில் தந்ததும் இச்சிறு அமைப்பே. ஐலண்டு டிரீசில் பிழை நேர்ந்தது குழு அருகில் இருந்ததால் அன்று. அருகில் இருந்தும் தன் மக்களிடம் கேளாமல், தான் அமைத்த நூலாய்வுக் குழுவின் சொல்லையும் கேளாமல், வெளியிலிருந்து வந்த பட்டியலைக் கேட்டதால். பட்டியல் என்பது பிறர் படித்ததாகச் சொல்வது. படித்தவர் ஒருவரோடொருவர் பேசித் தீர்ப்பதே நடைமுறை. கண்காணிப்பாளர் அன்று கேட்டதும் இந்த நடைமுறையைத்தான்.

வட்டாரத்தின் ஆட்சியில் பெற்றோர்க்கு வாக்குண்டு, பிள்ளையில்லாதார்க்கும் வாக்குண்டு, எந்த மாணவர்க்காகப் பள்ளி நடக்கிறதோ அவர்க்கு இல்லை. 2024இல் நியூயார்க் இயற்றிய சட்டம், ஒவ்வொரு கல்விக் குழுவிலும் மாணவர் ஒருவரேனும் வாக்குரிமையின்றி உறுப்பினராக அமர வேண்டும் என்று விதித்தது. வாக்கில்லா இருக்கைதான், ஆயினும் 1976இல் அதுவும் இல்லை. அந்த இருக்கையில் அமரும் மாணவர், தம் முன்னே வைக்கப்படும் பட்டியலைப் பார்த்து, ‘இந்நூலை இங்கு யார் முழுவதும் படித்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எழுதுவோராகிய நாமும், நம் ஊர்ப் பள்ளி நூலகத்தின் பொருட்டு நம்மால் கேட்கக்கூடிய முதற் கேள்வி அதுவே.